கிளைட்டனுக்கு நாற்பது நிமிடம்

'டங்ங்ங்' என்று நடு அறையிலிருந்து கிளம்பிய சத்தத்தில், அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த மெட்டில்டாவின் கை உதறி, மாவில் தோய்த்த வாழைக்காய் துண்டு ஒன்று தரையில் போய் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க அது? எதப் போட்டு உடைச்சீங்க?"

"ஒண்ணும் உடையலளா. டின்னு மூடி. கை வழுக்கிட்டு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் பாஸ்கல்.

மெட்டில்டா குனிந்து வாழைக்காயைப் பொறுக்குவதற்குள் முன்னறையிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. இது மகள் அனுஜாவின் அலறல்.

"அம்மா! நெட் போச்சு!"

மெட்டில்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது. நான்கு மணிக்குக் கிளைட்டன் கூப்பிடுவான்.

கிளைட்டன் மணப்பாட்டுப் பையன். சரக்குக் கப்பலில் மூன்றாம் எஞ்சினியர். போட்டோ பார்த்தாயிற்று, குடும்பம் விசாரித்தாயிற்று, இரண்டு வீட்டுக்கும் பிடித்துப் போயிற்று. துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் அனுஜா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "அவர்ட்ட ஒரு கேள்வி கேக்கணும். முகத்தப் பாத்துக் கேக்கணும். பதில் புடிச்சிருந்தா சரின்னுவேன். இல்லைன்னா இல்ல" என்று சொல்லிவிட்டாள். என்ன கேள்வி என்று தாயிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் பல் துலக்குவதில் ஆரம்பித்துப் படுக்கிற வரைக்கும் ஓயாமல் பேசுகிற பெண், இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கிளைட்டனிடமிருந்து நேற்றுத் தகவல் வந்திருந்தது. கப்பல் சிங்கப்பூர்க் கரையோரமாகப் போகும்போது, நம் நேரம் நான்கிலிருந்து நாலு நாற்பது வரை டவர் கிடைக்கும். அதன் பிறகு பெரிய கடல். இருபத்திரண்டு நாளைக்கு ஒன்றும் கிடையாது. இருபத்திரண்டு நாள் காத்திருக்கிற ஆளா அவன் அம்மா ரீனா? "பதில் இன்னைக்குத் தெரியணும் மதினி. சாயர்புரத்துல இருந்தும் ஒரு பொண்ணு சொல்லியிருக்காவ" என்று காலையில்தான் போனில் நாசூக்காகக் குத்தியிருந்தாள்.

மெட்டில்டாவுக்கோ போட்டோவைப் பார்த்த அன்றே பையனைப் பிடித்துவிட்டது. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகிற முகம்.

மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேறியதிலிருந்து ஊரில் லட்சம் பேர். லட்சம் பேர் கையிலும் செல்போன். அடுப்படி ஜன்னல் பக்கம் நின்றால் பேச்சு மட்டும் கேட்கும். வீடியோ என்றால் படம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றுவிடும். அதற்காகவே ஐந்து நாளுக்கு முன்னால் வீட்டுக்குப் புது பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினார்கள். ஐந்து நாளும் ஒழுங்காக ஓடிய சனியன், கூப்பிடுகிற நேரத்தில் படுத்துக்கொண்டது.

"அடுத்த வீட்டுல போயி பேசேன்ளா."

"ஜெஸ்டின் அண்ணன் வீட்டுலயா? அங்கன விருந்தாளியே பதினாலு பேரு. அத்தன பேரு முன்னால நான் கேப்பனா? கஸ்டமர் கேருக்குப் போடும்மா!"

மெட்டில்டா அடுப்பை அணைத்தாள். ஜன்னல் கம்பியோடு ஒட்டி நின்று எண்ணை அழுத்தினாள்.

"நீலவலை பிராட்பேண்டுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்."

அழுத்தினாள்.

"புதிய இணைப்புக்கு ஒன்றை அழுத்தவும். கட்டண விவரங்களுக்கு இரண்டை அழுத்தவும்…" என்று ஏழு வரைக்கும் போய், எட்டாவதாகத்தான் பழுது வந்தது. பிறகு வீணை. வீணைக்கு நடுவே, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு பெண் ஒவ்வொரு நிமிஷமும் சத்தியம் செய்தாள்.

முதலில் கிடைத்தவன் பெயர் செந்தில்வேல். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவன் போலப் பேசினான். "மோடத்தை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள் மேடம். இந்த அழைப்புக்கு ஐந்து மதிப்பெண் கொடுங்கள். நன்றி." அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

பாஸ்கல் சுவிட்சை அணைத்துப் போட்டார். நெட் வரவில்லை. மறுபடி ஒன்று, மறுபடி எட்டு, மறுபடி வீணை. இரண்டாவதாகக் கிடைத்தவள், "வணக்கம்" என்று சொல்லும்போதே லைன் அறுந்தது. மணி நான்கு ஐந்து. மூன்றாம் தடவை வீணை கேட்டபோது மெட்டில்டாவுக்கு அந்த ராகம் மனப்பாடமாகிவிட்டது.

"வணக்கம். நான் ரம்யா. உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்றது மூன்றாவது குரல். பாடப் புத்தகத்தை வாசிப்பது போன்ற சுத்தமான தமிழ். பின்னால் சந்தைக்கடை மாதிரி நூறு குரல்களின் இரைச்சல்.

"தாயி, லைன வச்சிராத. நீ மூணாவது ஆளு. நெட்டு வரல."

"சிரமத்திற்கு வருந்துகிறேன் மேடம். மோடத்தில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

ஜன்னலை விட்டு ஓரடி நகர்ந்தால் பேச்சு அறுந்துவிடும். அதனால் மெட்டில்டா இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். "என்னங்க! மோடத்துல எத்தன லைட்டு எரியுதுன்னு கேக்கா!"

நடு அறையில் ஸ்டூல் கிறீச்சிட்டது. பீரோவுக்கு மேலே எட்டிப் பார்க்கிற பாஸ்கலின் முனகல். "நாலு! நாலும் பச்சை!"

"நாலும் பச்சையாம்."

அதே நொடியில் முன்னறையிலிருந்து அனுஜா கூவினாள். "வந்துட்டு! அம்மா, நெட் வந்துட்டு!"

"வந்துட்டாம் தாயி! நீ மகராசியா இருக்கணும்!"

'டங்.'

"போச்சு!" என்றாள் அனுஜா.

"மன்னிக்கவும் மேடம். வந்ததா, போனதா?"

"வந்துட்டுப் போச்சு."

"சரி மேடம். பின்பக்கம் உள்ள மஞ்சள் கேபிள் இறுக்கமாகச் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள்."

மறுபடி கத்தல். மறுபடி ஸ்டூல். "இறுக்கமாத்தாம்ளா இருக்கு! நாஞ் சொருகுனா அவுருமா?"

முப்பது வருஷம் தோணியில் தண்டலாக, தலைமை மாலுமியாக, மாலத்தீவுக்குச் சரக்கு ஓட்டிய மனிதர். கேபிள் சொருகியது சரியா என்று யாரோ கேட்பதே அவருக்கு அவமானம்.

"வந்துட்டு!" என்றாள் அனுஜா. இந்தத் தடவை அவள் போனும் சேர்ந்து பாடியது. கிளைட்டன்! "ஹலோ" என்று ஓர் ஆண் குரல், கரகரவென்று, கடல் தாண்டி வந்து முன்னறையில் விழுந்தது. "ஹலோ, நான் கிளை…"

'டங்.'

"அய்யோ, போச்சு! பேரக்கூட முழுசாச் சொல்லலம்மா!"

மணி நான்கு பதினொன்று.

ரம்யா விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம், உங்கள் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். எங்கள் டெக்னீஷியன் நாளை மாலை ஆறு மணிக்குள் உங்கள் இல்லத்திற்கு…"

"நாளைக்கு வந்து என்னத்தப் புடுங்கப் போறான்?" மெட்டில்டாவின் அடக்கமெல்லாம் ஜன்னல் வழியே பறந்துவிட்டது. "ஏ தாயி, உனக்கு என்ன வயசு இருக்கும்? எம்மவளுக்கு இருபத்தேழு. மாப்ள கப்பல்ல நிக்கான். நாலு நாப்பது வரைக்குந்தான் டவரு. அப்புறம் இருபத்திரண்டு நாளு கெடையாது. அவ ஒரு கேள்வி கேக்கணுமாம், அவன் பதில் சொல்லணுமாம். அதுக்குள்ள அவுக அம்ம சாயர்புரத்துப் பொண்ணப் பாக்கப் போயிருவா. நல்ல பையன் தாயி. சிரிச்சா கண்ணு தெரியாது. நீ நாளைக்கு ஆளனுப்பி யாருக்கு என்ன புண்ணியம்?"

மறுமுனையில் தட்டல் நின்றது.

"மேடம்" என்றாள் ரம்யா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "என் ஸ்க்ரீனில் உங்கள் லைனில் ஒரு பழுதும் இல்லை. எங்களுக்குக் கொடுத்திருக்கிற கேள்விகளும் முடிந்துவிட்டன. நானாக ஒன்று கேட்கலாமா?"

"கேளு."

"ஒவ்வொரு தடவையும் நெட் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கிறது. மணி அடித்த மாதிரி. அது என்ன?"

மெட்டில்டா யோசித்தாள். அவள் காதிலும்தான் விழுந்தது. முப்பது வருஷம் இந்த வீட்டில் எதையாவது தட்டிக்கொண்டும் சுரண்டிக்கொண்டும் இருக்கிற மனிதரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு, சத்தம் என்பது காதுக்குள் போகிற ஒன்றாக இல்லாமல் போய்விட்டது.

"என்னங்க! டங்கு டங்குன்னு என்ன சத்தம்?"

"அதாம் சொன்னன்லா. டின்னு மூடி!"

"எந்த டின்னு?"

"மோடம் இருக்குத டின்னு!"

மெட்டில்டா ஒரு கணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மோடத்த டின்னுக்குள்ளயா வச்சிருக்கீங்க?"

"பின்ன? வெட்ட வெளியில வைக்கவா? நம்ம ஜன்னலத் தொறந்தா நேரே கடலு. உப்புக்காத்து ஒரு மாசத்துல அரிச்சுப்புடும். மத்தியானந்தான் பெரிய பிஸ்கட் டின்ன எடுத்து, ஒயருக்கு அளவா ஓட்ட போட்டு, ஓரத்துக்கு ரப்பர் குடுத்து, பீரோ மேல அம்சமா வச்சிருக்கேன். வந்து பாரு. சொட்டுக் காத்து போவாது!"

உப்புக்காற்று பாஸ்கலின் பரம்பரை எதிரி. வீட்டில் பூட்டு முதல் டார்ச் லைட் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் பூசுகிறவர். ரேஷன் கார்டு ஒரு டின், மாத்திரை ஒரு டின், மெட்டில்டாவின் கல்யாண ஜெபமாலை ஒரு டின். தோணியில் பழகிய பழக்கம். லைட்டைப் பார்க்க வேண்டும் என்றால் மூடியைத் திறப்பார். பார்த்ததும் பொறுப்பாக மூடிவிடுவார். அப்படித்தான் அவர் இவ்வளவு நேரமும் வருங்கால மருமகனைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

போனில் ரம்யா இருமுவது போல ஒரு சத்தம். இருமல் இல்லை, சிரிப்பை விழுங்குகிறாள்.

"மேடம், போனை ஸ்பீக்கரில் போடுங்கள். சாரிடம் நான் பேசுகிறேன்." மெட்டில்டா போட்டாள். "ஐயா, வணக்கம். அந்த மூடியைத் திறந்து வைக்க வேண்டும்."

"அது முடியாதும்மா" என்று நடு அறை உறுதியாகச் சொன்னது. "நீ ஏசி ரூம்புக்குள்ள உக்காந்து சொல்லுத. முப்பது வருசம் தோணி ஓட்டுனவன் நான். இங்கன வந்து பாரு. போன வருசம் வாங்குன மிக்சி மூக்குல துரு."

"ஐயா, இரும்பு டின்னுக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது."

"ஒயரு வெளியதான வருது?"

"அப்பா!" என்று அனுஜா முன்னறையில் காலை உதைத்தாள். பட்டுச்சேலை சரசரத்தது. "நாலு பதினாறு ஆவுதுப்பா!"

ரம்யா பேச்சை மாற்றினாள். "ஐயா, தோணியில் ரேடியோ வைத்திருந்தீர்களா?"

"இல்லாமயா? வானிலை அறிக்க கேக்கணும்லா."

"அதையும் டின்னுக்குள்தானே வைத்திருப்பீர்கள்?"

"கேட்டதும் உள்ள வச்சிருவேன்."

"கேட்கிற நேரத்தில்?"

"கேக்க நேரத்துல வெளிய எடுத்துதாம்…" என்று ஆரம்பித்த பாஸ்கல் அப்படியே நின்றார். பிறகு கிறீச்சென்று மூடி கழன்றது.

"மூடியக் கையில வச்சிக்கிட்டு நிக்கேன்" என்றார் பாஸ்கல், தோற்றுப்போன தண்டலின் குரலில். "பேசி முடிஞ்சதும் மூடிருவேன். ஆமா, சொல்லிட்டேன்."

"வந்துட்டு!" என்றாள் அனுஜா.

இந்தத் தடவை போகவில்லை. ரம்யா பழையபடி பாடப் புத்தகத்துக்குத் திரும்பினாள். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி மேடம். வேறு ஏதேனும் உதவி…"

"வைக்காத தாயி! மறுபடி போச்சுன்னா எனக்கு அந்த வீணையக் கேக்க சீவன் இல்ல. நாலு நாப்பது வரைக்கும் இரு."

"ஓர் அழைப்புக்கு எட்டு நிமிஷம்தான் மேடம். தாண்டினால் சூப்பர்வைசர் ஸ்க்ரீனில் என் பெயர் சிவப்பாகும்."

"அப்பம் என்ன செய்ய?"

ரம்யா மெதுவாகச் சொன்னாள். "அது ஆகி ரொம்ப நேரம் ஆயிற்று. இருக்கிறேன் மேடம்."

முன்னறையில் போன் பாடியது. மெட்டில்டா தன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்றக் காதை வீட்டுக்குள் நீட்டினாள்.

"ஹலோ. நான் கிளைட்டன்."

"தெரியும். ரெண்டு தடவ சொல்லியாச்சு" என்றாள் அனுஜா. "படம் ஏன் இப்படி மங்கலா இருக்கு? பனி மூடுன மாதிரி?"

"அதுவா… போன பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு ரப்பர்பேண்டு கட்டியிருக்கேன். டெக்குல நிக்கேன்லா. உப்புக்காத்து பட்டா போனு போயிரும்."

நடு அறையிலிருந்து வெற்றி முழக்கம் கிளம்பியது. "கேட்டியாளா மெட்டில்டா! மாப்ளன்னா இவந்தாம்!"

அனுஜா சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பக்கம் என்ன ஏது என்று தெரியாமல் கிளைட்டனும் சிரித்தான். மெட்டில்டா நடந்ததை வரிக்கு வரி ரம்யாவுக்கு ஒப்பித்தாள். மறுமுனையில் அந்தச் சந்தைக்கடை இரைச்சல் குறைந்துகொண்டே வருவதைக் கவனித்தாள். சாயங்கால வேலை முடிந்து எல்லோரும் கிளம்புகிறார்கள் போல.

"சரி, நான் ஒண்ணு கேக்கணும்" என்று அனுஜாவின் குரல் மாறியது. "லீவுல வீட்டுக்கு வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

இதுதானா கேள்வி? மெட்டில்டாவுக்கு முதலில் சப்பென்று இருந்தது. அடுத்த நொடி சுருக்கென்றது. பாஸ்கல் கடலிலிருந்து வந்து இறங்குகிற ஒவ்வொரு தடவையும் சின்ன அனுஜா அவர் பின்னாலேயே, தான் படித்தது, ஆடியது, கீழே விழுந்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு திரிவாள். அவர் துரு சுரண்டுவார், எண்ணெய் பூசுவார், 'ம்' என்பார். லீவு முடிந்து தோணி ஏறிவிடுவார். நல்ல மனிதர்தான். 'ம்' மட்டும்தான் மிஞ்சும்.

ஸ்டூல் மேல் நின்றவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். யோசனையில் மூடியைப் பிடித்த கை தானாக டின் மேல் தாழ்ந்தது.

"உண்மையச் சொல்லணும்னா…" என்ற கிளைட்டன் அப்படியே உறைந்து போனான்.

"மூடி!" என்று அனுஜா அலறினாள். "மூடிய எடுங்க!" என்று மெட்டில்டா அலறினாள். "ஐயா, மூடி!" என்று போனுக்குள்ளிருந்து ரம்யாவும் அலறினாள்.

பாஸ்கல் பதறிப்போய் மூடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"…ரெண்டு நாளு தூங்குவேன்" என்று கிளைட்டன் தொடர்ந்தான். "மூணாம் நாளு எங்கம்ம கேட்டச் சுரண்டி பெயிண்டு அடின்னுவா. அடிப்பேன். எனக்கு அது புடிக்கும். ஆனா பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து பேசிக்கிட்டே இருக்கணும். இங்கன எட்டு மாசமா எஞ்சின் சத்தந்தான் கேக்கேன். எவனும் எவன்கூடயும் பேசுததில்ல. மனுசன் பேசுத சத்தம் கேட்டாத்தான் நான் வீட்டுக்கு வந்துட்டேன்னே எனக்குத் தோணும். நீங்க… பேசுவீங்கல்லா?"

அனுஜா ஏதோ சொன்னாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி மெட்டில்டா கேட்டதே இல்லை. அதற்கு அவன் ஏதோ சொன்னான். அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள், பெரும்பாலும் அவள்தான். பஜ்ஜி ஆறியது. பாஸ்கல் கையை மாற்றி மாற்றி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ரம்யா மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நாலு நாற்பத்தொன்றுக்குக் கப்பல் பெரிய கடலுக்குள் போனது.

அனுஜா அடுப்படிக்கு வந்தாள். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியாதபடி மெல்ல முயன்றாள்.

"ரீனா அத்தைக்குப் போனப் போடும்மா" என்றாள்.

"என்னன்னு சொல்ல?"

"கேட்டுக்குப் பெயிண்டு வாங்கி வைக்கச் சொல்லு. நீலக் கலரு. நான் உக்காரதுக்கு ஒரு ஸ்டூலும்."

மெட்டில்டா மகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மாவுக் கை பட்டுச்சேலையில் பதிந்ததை இவளும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. நடு அறையில் பாஸ்கல் ஸ்டூலை விட்டு இறங்கினார். மூடி மட்டும் கையிலேயே இருந்தது, மூடவில்லை. வந்து வாசல்படியில் நின்று, தொண்டையைச் செருமி, "என்ன சொன்னான், எல்லாத்தையும் முதல்லருந்து சொல்லுளா, கேப்போம்" என்றார் மகளிடம்.

ஜன்னலோரம் மறந்துபோயிருந்த போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டா எடுத்துக் காதில் வைத்தாள். பாடப் புத்தகத் தமிழைக் காணோம்.

"ஏ அத்தே! அத்தே! அக்கா என்ன சொன்னாவ? சட்டுன்னு சொல்லுங்க, இங்கன எங்க சூப்பர்வைசரோட சேத்து முப்பது பேரு ஹெட்போனக் கழத்தி வச்சிட்டு நிக்கோம்!"